மாட் எக்ஸ் என்றால் மைனஸை அழிப்பதா?

கேள்வி: வாசகர் ஒருவர், ஜூன் 2, இரவு 9:40

மட்டு மதிப்பு (|எக்ஸ்| என்று எழுதி மாட் எக்ஸ் என்று படிப்பது) ஒருபோதும் குறை எண்ணாக வராது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு மூன்று வரி கீழே, எக்ஸ் பூச்சியத்தைவிடச் சிறியதாக இருந்தால் |எக்ஸ்| = −எக்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். மைனஸே வராது என்று சொல்லிவிட்டு மைனஸைப் போட்டால் எதை நம்புவது? இதில் எது அச்சுப்பிழை? வரைபடம் ஏன் வி மாதிரி வருகிறது என்பதும் பிடிபடவில்லை. மாட் என்றால் மைனஸை அழித்துவிடு, அவ்வளவுதான் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜூன் 2, இரவு 10:15

அச்சுப்பிழை எதுவும் இல்லை. இரண்டு வரியும் சரி.

−எக்ஸ் என்று பார்த்ததுமே கண் அதைக் குறை எண் என்று படித்துவிடுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ் என்ற எழுத்துக்குள் −7 உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அப்போது −எக்ஸ் என்றால் −(−7), அதாவது 7. முன்னால் நிற்கும் மைனஸ் "நான் குறை எண்" என்று சொல்லவில்லை, "உள்ளே இருப்பதன் குறியை மாற்று" என்றுதான் சொல்கிறது. உள்ளே இருப்பது ஏற்கெனவே குறை எண் என்பதால், மாற்றினால் மிகை எண் வந்தே தீரும்.

மைனஸை அழித்துவிடு என்ற பாடம் 7, −7 போன்ற எண்களுக்கு ஓடும். எழுத்து வந்ததும் படுத்துவிடும், ஏனென்றால் எக்ஸ் என்ற எழுத்தில் அழிப்பதற்கு மைனஸே கண்ணுக்குத் தெரியாது.

ஜூன் 3, காலை

இரவு எழுதியதை மறுபடி படித்தேன். குறிக் கணக்கு சரிதான், ஆனால் அது விடையின் பாதிதான். அதை மட்டும் வைத்துக்கொண்டால் வரைபடம் கடைசிவரை பிடிபடாது.

மட்டு மதிப்பைத் தூரம் என்று படியுங்கள். |எக்ஸ்| என்பது எண்கோட்டில் எக்ஸுக்கும் பூச்சியத்துக்கும் இடையே உள்ள தூரம். |எக்ஸ் − 3| என்பது எக்ஸுக்கும் 3-க்கும் உள்ள தூரம். |எக்ஸ் + 2| என்பதை |எக்ஸ் − (−2)| என்று எழுதிப் பாருங்கள், −2-இலிருந்து உள்ள தூரம் என்று அதுவே சொல்லும். தூரம் குறை எண்ணாக வராதது ஏன் என்று யாரும் கேட்பதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இப்படிப் படித்தால் |எக்ஸ் − 5| < 2 என்ற அசமன்பாட்டுக்குக் கணக்கே போட வேண்டாம். 5-இலிருந்து 2 அலகுக்குள் இருப்பவை எவை? 3-க்கும் 7-க்கும் நடுவில் இருப்பவை. குறியைத் திருப்பி |எக்ஸ் − 5| > 2 என்றால், 3-க்கு இடப்பக்கம் இருப்பவையும் 7-க்கு வலப்பக்கம் இருப்பவையும். இந்த இரண்டாவதை 7 < எக்ஸ் < 3 என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரே எண் 7-ஐவிடப் பெரியதாகவும் 3-ஐவிடச் சிறியதாகவும் இருக்க முடியாது. தூரத்தை மனத்தில் வைத்திருந்தால் அந்த வரியைக் கை எழுதாது.

ஜூன் 3, இரவு

வரைபடம். எண்கோட்டில் நடந்து பாருங்கள், |எக்ஸ் − 3| தான் உங்கள் கணக்கு. 10-இல் நிற்கும்போது தூரம் 7. இடப்பக்கம் ஓர் அடி வைத்தால் 6, இன்னோர் அடி வைத்தால் 5. ஓர் அடிக்கு ஒன்று வீதம், கூடாமல் குறையாமல் இறங்குகிறது. ஒரே வேகத்தில் இறங்கினால் நேர்கோடு. 3-ஐத் தொட்டதும் பூச்சியம். நிற்காமல் அதே திசையில் நடந்தால் 2-இல் தூரம் 1, 1-இல் 2 என்று அதே வேகத்தில் ஏறுகிறது. அது இன்னொரு நேர்கோடு. இறக்கம் ஏற்றமாக மாறுவது ஒரே புள்ளியில், சட்டென்று நடக்கிறது. அதனால்தான் அங்கே வளைவு இல்லை, முனை இருக்கிறது.

(எக்ஸ் − 3)² வரைந்தாலும் 3-இல்தான் தொடும். ஆனால் அது 3-ஐ நெருங்க நெருங்க மெதுவாகி, அடியில் வழுக்கித் திரும்பும். மாட் மெதுவாவதே இல்லை. முட்டும் கணம்வரை அதே வேகம்.

இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் எடுத்தால், வி-யின் கைகள் இரண்டும் அச்சோடு 45 பாகையில் நிற்கும். அவற்றுக்கு நடுவே சரியாகச் செங்கோணம். முனை எப்போதும் எக்ஸ் அச்சின் மேலேதான் உட்காரும்.

ஜூன் 5

அக்கா மகள் வரைபடத்தாளோடு வந்தாள். ஒய் = |2எக்ஸ் − 3|. எக்ஸுக்கு −1, 0, 1, 2, 3, 4 கொடுத்து, ஒய்க்கு 5, 3, 1, 1, 3, 5 கண்டுபிடித்திருந்தாள். ஆறு எண்ணும் சரி. ஆறு புள்ளியும் சரியான இடத்தில். எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, "ஏன் மாமா, எனக்கு மட்டும் படகு மாதிரி வருது?" என்றாள். அடியில் (1, 1)-க்கும் (2, 1)-க்கும் நடுவே ஒரு தட்டைக் கோடு. அதன் இரண்டு மூலையையும் பென்சிலால் லேசாக உருட்டி வேறு விட்டிருந்தாள்.

நான் அழிப்பானை எடுக்கவில்லை. அளவுகோலை இடது கை மேல் வைத்து, "(0, 3)-இலிருந்து (1, 1)-க்கு வந்த கோடு 1-க்கு வந்ததும் ஏன் நின்றது?" என்று கேட்டேன். பதில் இல்லை. "அதே சாய்வில் நீட்டு" என்றேன். நீட்டினாள். கோடு தட்டைக் கோட்டுக்குக் கீழே இறங்கி அச்சை 1.5-இல் தொட்டது. வலது கையையும் நீட்டினாள். அதுவும் அதே 1.5-க்கு வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழு எண்களை மட்டும் அட்டவணையில் போட்டால், முனை இரண்டு எண்ணுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். அட்டவணை போடும் முன்பே மாட்டுக்குள் இருப்பதைப் பூச்சியமாக்கிப் பாருங்கள். 2எக்ஸ் − 3 = 0, எக்ஸ் = 1.5. அதுதான் அட்டவணையின் முதல் வரி, மற்றதெல்லாம் அதற்கு இரண்டு பக்கமும்.

தூரப் படிப்பும் இங்கே உதவும், ஒரு வேலை செய்துவிட்டால். 2-ஐ வெளியே எடுங்கள்: 2|எக்ஸ் − 1.5|. 1.5-இலிருந்து உள்ள தூரத்தைப்போல இரண்டு மடங்கு. கைகளின் சாய்வு (வலப்பக்கம் ஓர் அடிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது) 2, −2. வெளியே எடுக்காமல் |2எக்ஸ் − 3|-ஐ "3-இலிருந்து உள்ள தூரம்" என்று படித்தால் முனையைத் தப்பான இடத்தில் வைப்பீர்கள்.

ஜூன் 6

ஜூன் 3 இரவுக் குறிப்பின் கடைசி வரி தப்பு. ஒரு வாசகர் |எக்ஸ் − 3| − 2 வரைந்து காட்டியிருக்கிறார், முனை (3, −2)-இல் இருக்கிறது. முனை அச்சின் மேல் உட்காருவது, முழுவதும் மாட்டுக்குள் இருந்தால் மட்டுமே. வெளியே கூட்டியதும் கழித்ததும் முழு வடிவத்தையும் மேலே கீழே நகர்த்தும். முன்னால் மைனஸ் போட்டால் வி கவிழ்ந்து கூரையாகும். அங்கே ஒய் குறை எண்ணாக வருவதில் தப்பே இல்லை, மாட் குறை எண் ஆகவில்லை, மாட்டை வைத்துச் செய்த கணக்குத்தான் ஆனது.

ஜூன் 8

ஒரு பழைய கணக்கு இன்னும் மனத்தில் நிற்கிறது. எனக்கு 17 வயது. தேர்வில் |எக்ஸ் − 3| + |எக்ஸ் + 2| = 5 தீர்க்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று பகுதியாகப் பிரித்தேன். 3-க்கு வலப்பக்கம் 2எக்ஸ் − 1 = 5, எக்ஸ் = 3. −2-க்கு இடப்பக்கம் −2எக்ஸ் + 1 = 5, எக்ஸ் = −2. நடுவில் 3 − எக்ஸ் + எக்ஸ் + 2 = 5. எக்ஸ் அடித்துக்கொண்டு போய் 5 = 5 என்று நின்றது. எக்ஸே காணாமல் போய்விட்டதே, அப்படியானால் இங்கே விடை இல்லை என்று முடிவு கட்டி, −2, 3 என்று இரண்டு விடையை எழுதிவிட்டு வந்தேன். திருத்தியவர் ஒரு பெரிய சிவப்புக் கோடு போட்டிருந்தார். ஏன் என்று எழுதவில்லை.

5 = 5 என்றால் விடை இல்லை என்று பொருள் அல்ல. நடுவில் எந்த எக்ஸை வைத்தாலும் சமன்பாடு பொருந்தும் என்று பொருள். தூரமாகப் பார்த்தால் கண்ணிலேயே தெரிகிறது. −2-க்கும் 3-க்கும் இடையே 5 அலகு. நடுவில் எங்கே நின்றாலும், இரு முனைக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் 5 தான். வெளியே போனால்தான் கூடும். ஆக, −2 முதல் 3 வரை உள்ள எல்லா எண்களும் விடை. வலப்பக்கத்தில் 7 இருந்தால் −3, 4 என்று இரண்டே விடை. 4 இருந்தால் விடையே இல்லை.

இதன் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் சாய்வு −2, வலப்பக்கம் 2, நடுவில் 5 உயரத்தில் தட்டை. மூன்று நாள் முன்பு அக்கா மகளின் தட்டை அடியைத் தப்பு என்று காட்டினேன். இங்கே தட்டை அடிதான் சரி. வித்தியாசம் மாட்டுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு மாட்டுக்கு ஒரு முனை, இரண்டு மாட்டுக்கு இரண்டு முனை, இரண்டு முனைக்கு நடுவே ஒருவர் ஏற்றுவதை மற்றவர் இறக்கிச் சமன் செய்கிறார்.

ஜூன் 9

தூரம், தூரம் என்று நானே திரும்பத் திரும்பச் சொல்வது மனத்தை உறுத்துகிறது. |எக்ஸ்² − 4|-ஐத் தூரமாகப் படித்து வரைய முடியுமா? எக்ஸ்²-க்கும் 4-க்கும் உள்ள தூரம் என்று சொல்லலாம், பொய் இல்லை. ஆனால் பென்சில் அதைக் கேட்டு நகராது. இங்கே மடிப்புதான் வழி.

முதலில் மாட்டை மறந்துவிட்டு எக்ஸ்² − 4 பரவளையத்தை வரையுங்கள். −2-க்கும் 2-க்கும் நடுவே அது அச்சுக்குக் கீழே தொங்கும், ஆழம் 4. அச்சை மடிப்புக் கோடாக வைத்து, கீழே இருப்பதை மட்டும் மேலே மடியுங்கள். நடுவில் 4 உயரத்துக்கு ஒரு குன்று எழும்பும். −2-இலும் 2-இலும் கூர் முனை. குன்றின் உச்சி மட்டும் வழவழப்பு. உச்சியையும் கூராக்கி விடுகிறவர்கள் உண்டு, மாட் வந்தாலே எல்லாம் கூர் என்று பழகியதால். உள்ளே இருப்பது அச்சை வெட்டிக் கடக்கும் இடத்தில் மட்டுமே கூர் வரும்.

இதோடு சேர்த்துக் குழப்புவது இன்னொன்று: மாட் முழுச் சார்புக்கும் வெளியே இல்லாமல், எக்ஸை மட்டும் சுற்றி இருந்தால்? எக்ஸ்² − 4எக்ஸ் என்பதில் எக்ஸுக்குப் பதில் |எக்ஸ்| போட்டால் எக்ஸ்² − 4|எக்ஸ்|. இங்கே கீழிருப்பதை மேலே மடிக்கக் கூடாது. ஒய் அச்சுக்கு இடப்பக்கம் இருப்பதை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு, வலப்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டுவதுபோல் இடப்பக்கம் வரைய வேண்டும். அச்சுக்குக் கீழே தொங்குவது தொங்கட்டும். −2-இலும் 2-இலும் அது −4 வரை இறங்கும்.

ஜூன் 11

போலி விடை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். |எக்ஸ் − 4| = 2எக்ஸ் + 1. இரண்டாகப் பிரித்தால் −5, 1 என்று இரண்டு விடை வரும். 1 பொருந்தும்: இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3. −5 பொருந்தாது: இடப்பக்கம் 9, வலப்பக்கம் −9.

"வைத்துப் பார், பொருந்தாவிட்டால் தள்ளு" என்பதோடு விடுவது எனக்குப் பிடிக்காது. அந்த −5 எங்கிருந்து வந்தது? வரைபடத்தில் இருக்கிறது. வி-யின் முனை 4-இல். வலது கையின் கோடு ஒய் = எக்ஸ் − 4. அந்தக் கை 4-இல் நின்றுவிடுகிறது. நாம் கணக்குப் போடும்போது அதை நிற்க விடாமல் அச்சுக்குக் கீழே இடப்பக்கம் நீட்டிக்கொண்டே போகிறோம். அப்படி நீட்டிய கோடு (−5, −9)-இல் ஒய் = 2எக்ஸ் + 1-ஐச் சந்திக்கிறது. சந்திப்பு உண்மை. அந்த இடத்தில் வி-தான் இல்லை.

ஜூன் 12

எக்ஸ்²-இன் வர்க்கமூலம் எக்ஸ் அல்ல, |எக்ஸ்|. எக்ஸ் = −6 வைத்துப் பாருங்கள்: 36-இன் வர்க்கமூலம் 6. இந்த ஒரு வரியை விட்டதால் சரிந்த கணக்குகளை எண்ணி முடியாது.

ஜூன் 15

மூன்று மாட்டைக் கூட்டினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்க, இரண்டு நாள் அதிலேயே போயிற்று. |எக்ஸ் − 1| + |எக்ஸ் − 4| + |எக்ஸ் − 10|. சாய்வு இடமிருந்து வலமாக −3, −1, 1, 3. இறக்கம் ஏற்றமாகத் திரும்பும் இடம் 4. அங்கே கூட்டல் 3 + 0 + 6 = 9. இந்த மூன்று எண்ணின் சராசரி 5, ஆனால் 5-இல் கூட்டல் 4 + 1 + 5 = 10. மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருப்பது சராசரியில் இல்லை, நடு எண்ணில், அதாவது இடைநிலை அளவில்.

காரணம் எளிது. நீங்கள் வலப்பக்கம் ஓர் அடி வைத்தால், உங்களுக்கு இடப்பக்கம் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் தூரம் ஒன்று கூடும், வலப்பக்கம் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் நகர்ந்தால் லாபம். இரண்டு பக்கமும் சமமாகும்போது நின்றுவிடலாம். அந்த 10-ஐ 100 ஆக்கினாலும் தாழ்ந்த இடம் 4-தான். சராசரி 35-க்குத் தாவிவிடும்.

இது புதிய யோசனை அல்ல. 1757-இல் ருட்ஜர் போஸ்கோவிச் என்ற கணிதவியலர் பூமியின் வடிவத்தைக் கணிக்க அளவைகளைப் பொருத்தியபோது, பிழைகளின் மட்டு மதிப்புக் கூட்டலைக் குறைக்கும் வழியைத்தான் கையாண்டார். பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டும் வழியைப் பிரெஞ்சுக் கணிதவியலர் லெஜாந்தர் வெளியிட்டது 1805-இல். வர்க்கம் பிறகு பரவியதற்கு ஒரு காரணம் இந்த முனைதான் என்பது என் கருத்து. முனையில் வகைக்கெழு, அதாவது அந்தப் புள்ளியில் கோட்டின் சாய்வு, கிடையாது: இடப்பக்கத்திலிருந்து வந்தால் −1, வலப்பக்கத்திலிருந்து வந்தால் 1. வழவழப்பான பரவளையத்தில் வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமன் செய்துவிடலாம்.

ஜூன் 16

முனை என்றதும் ஒரு விஷயம். இரண்டு செங்குத்துக் கோடு போடும் இந்தக் குறியீட்டை 1841-இல் பயன்படுத்தியவர் ஜெர்மன் கணிதவியலர் கார்ல் வெயர்ஸ்ட்ராஸ். அதே மனிதர்தான் 1872-இல், எங்கும் அறுபடாமல் தொடர்ச்சியாக ஓடினாலும் எந்தப் புள்ளியிலும் வகையிட முடியாத சார்பு ஒன்றைப் பெர்லின் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். அவர் அதைக் கொசைன்களைக் கூட்டிக் கட்டினார். 1903-இல் ஜப்பானின் தகாகி தெய்ஜி வெளியிட்ட சார்புக்கு அதுகூட வேண்டாம். ஒரு எண்ணுக்கும் அதற்கு மிக அருகிலுள்ள முழு எண்ணுக்கும் உள்ள தூரத்தை வரைந்தால், வி வடிவங்கள் வரிசையாக நிற்கும் ரம்பப் பல் கிடைக்கும். அதை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகச் சுருக்கி முதலாவதன் மேல் கூட்டுங்கள். மறுபடி பாதி, மறுபடி பாதி, முடிவில்லாமல். கிடைக்கும் கோட்டை எந்தப் புள்ளியிலும் வகையிட முடியாது. நம்முடைய அதே வி-தான், முழுக்க முழுக்க.

நான்கு அடுக்குவரை கையால் வரைந்து பார்த்தேன். மூன்றாவது அடுக்கிலேயே மலைத்தொடர் மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 18

"மாட் குறை எண்ணாக வரவே வராதா, கணினியிலும்?" என்று கேட்டவருக்கு: கணினியில் வரும். எனக்கே வந்திருக்கிறது. நான் எழுதிய நிரல் ஒன்றில் மட்டு மதிப்பு எடுத்த பிறகும் அட்டவணையின் வரிசை எண் மைனஸில் போய் நிரல் விழுந்தது. இரண்டு நாள் தேடினேன்.

8 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் எட்டு இடங்களில், குறியோடு எழுதினால் −128 முதல் 127 வரைதான் இடம். +128-க்கு இடம் இல்லை. −128 என்பது 10000000. குறியை மாற்ற எல்லாப் பிட்டையும் புரட்டினால் 01111111, ஒன்று கூட்டினால் மறுபடி 10000000. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. ஜாவாவில் 32 பிட் முழு எண்ணாக −2147483648-க்கு மட்டு மதிப்புக் கேட்டால் −2147483648 என்றே பதில் வரும். எண்கோட்டில் இரண்டு பக்கமும் முடிவில்லாமல் இடம் இருக்கிறது, இயந்திரத்தில் இடப்பக்கம் ஓர் எண் அதிகம்.

ஜூன் 21

முதல் கேள்வி கேட்டவர் ஒரு தாளை அனுப்பியிருக்கிறார். ஒய் = ||எக்ஸ்| − 2|. மாட்டுக்குள் மாட். முதலில் |எக்ஸ்| வரைந்து, 2 இறக்கி, அச்சுக்குக் கீழே போனதை மடித்திருக்கிறார். −2-இலும் 2-இலும் அச்சைத் தொடும் இரண்டு முனை, நடுவில் (0, 2)-இல் தலைகீழ் முனை. அளவுகோல் வைத்து வரைந்த கோடுகள், எங்கும் உருட்டல் இல்லை. சரி.

கூடவே, ||எக்ஸ்| − 2| = கே என்பதற்கு எத்தனை விடை என்று ஒரு அட்டவணை. கே 0 என்றால் இரண்டு, கே 1 என்றால் நான்கு: −3, −1, 1, 3. கே 3 என்றால் இரண்டு: −5, 5. இதுவரை சரி. கே 2-க்கும் நான்கு என்று எழுதியிருக்கிறார்: −4, −0, +0, 4. −0-உம் +0-உம் ஒரே இடம். 2 உயரத்தில் கிடைக்கோடு போட்டுப் பாருங்கள், நடு முனையை ஒரே ஒரு இடத்தில்தான் தொடும். மூன்று விடை.